பாப்பர் வால்ஸ் காம்போ: 60 கார்டு லிஸ்ட் போட்டிருக்கேன், எங்க வெட்டலாம்?

#1 பாயான்_நைட்ஷிஃப்ட்

வணக்கம், பினாங்குல இருந்து. இவ்ளோ நாளா மேஜிக் சீட்டாட்டத்துல, பாப்பர்ல (காமன் கார்டு மட்டும் ஆடுற மலிவு வடிவம்) மோனோ ரெட்தான் (முழுக்கச் சிவப்பு டெக், அதாவது கார்டுக் கட்டு) ஓட்டிக்கிட்டு இருந்தேன். போர் அடிச்சிருச்சு, காம்போ (சில கார்டு சேர்ந்து ஒரே அடியா ஜெயிக்கிறது) பக்கம் தாவலாம்னு இருக்கேன். மாடர்ன் (காசு கூட ஆகிற வடிவம்) பக்கம் யாரும் கூப்பிடாதீங்க. அந்தக் காசுக்கு மோட்டோருக்கு ரெண்டு டயரும் மாத்தி ரோட் டேக்ஸும் கட்டிடலாம்.

மேஜிக் ஆடுறவங்களுக்கு வால்ஸ் தெரிஞ்சிருக்கும். புதுசா வர்றவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். ஆக்ஸ்பேன் கார்டியன் மூணு மனா (கார்டு இறக்கக் கட்டுற சக்தி), 0/3 (அடி 0, தாங்குறது 3), டிஃபெண்டர் (தாக்காத கிரீச்சர், அதான் சுவர்). அதை டேப் பண்ணா (பக்கவாட்டுல சாய்ச்சா) நம்மகிட்ட எத்தன டிஃபெண்டர் நிக்குதோ அத்தன மனா, எந்தக் கலர்ல வேணும்னாலும். அது மேல ஃபிரீட் ஃப்ரம் த ரியல்ங்கிற கார்டை ஒட்டிட்டா, ஒரு நீல மனா கட்டி அன்டேப் பண்ணலாம் (நிமிர்த்தலாம்). பக்கத்துல இன்னொரு சுவர் இருந்தா ஒரு டேப்புக்கு ரெண்டு மனா. ஒண்ணு அன்டேப்புக்குப் போகும், ஒண்ணு மிச்சம். இப்படியே சுத்தலாம். கடைசியில வலாக்குட் இன்வோக்கர் இறங்கி எட்டு மனாவுக்கு மூணு டேமேஜ்னு ஆளைச் சாய்க்கும்.

என் லிஸ்ட்: கார்டியன் 4, ஓவர்குரோன் பேட்டில்மென்ட் 4, சருலி கேர்டேக்கர் 4, டிரிஃப்ட் ஆஃப் ஃபேண்டசம்ஸ் 4, வால் ஆஃப் ரூட்ஸ் 4, இன்வோக்கர் 2, ஃபிரீட் 4, லீட் த ஸ்டாம்பீட் 4, வைண்டிங் வே 4, கவுண்டர்ஸ்பெல் 4, லைட்னிங் போல்ட் 4, நிலம் 18.

ஒரு கேள்வி: கார்டியன் போல்ட்டுக்கு (மூணு டேமேஜ்) செத்துடுது. பேட்டில்மென்ட் 0/4, போல்ட்டுக்குத் தாங்கும். அப்ப ஃபிரீடை அது மேலயே ஒட்டக் கூடாதா?

#2 பழைய_ட்வின்

பேட்டில்மென்ட் பச்சை மனா மட்டும்தான் தரும் தம்பி. ஃபிரீட் கேட்குறது நீலம். அஞ்சு சுவர் நின்னாலும் அஞ்சு பச்சைதான் வரும், அன்டேப்புக்கு நீலத்தை வேற இடத்துல தேடணும். அது முடிஞ்சதும் சுத்து நின்னுடும். காம்போ கார்டியன் மேல மட்டும்தான்.

நான் மாடர்ன்ல ஸ்பிளின்டர் ட்வின் காம்போ ஆடின காலத்து ஆள். 2016 ஜனவரியில அதைத் தடை பண்ணப்ப மேஜிக்கையே மூட்டை கட்டிட்டேன். 2024 டிசம்பர்ல திரும்ப விட்டாங்க, நானும் திரும்ப வந்துட்டேன். அந்த அனுபவத்துல சொல்றேன், உன் லிஸ்ட்ல கவுண்டர்ஸ்பெல் (எதிராளி போடுற கார்டைத் தடுக்கிறது) இருக்கிறது நல்லது. ட்வின் வலுவா இருந்ததுக்குக் காரணமே அதுதான். காம்போ கையில இல்லன்னாலும் சாதாரண நீல டெக் மாதிரி ஆடலாம்.

#3 செந்தூல்_சுவர்

ட்வின் அண்ணே, மன்னிக்கணும், அந்தக் கணக்கு இங்க செல்லாது.

ட்வின்ல எக்ஸார்க்கும் பெஸ்டர்மைட்டும் (அந்தக் காம்போவோட கிரீச்சர்கள்) எதிராளியோட டர்ன்ல ஃபிளாஷா, அதாவது திடீர்னு, இறங்கும். அதனால மனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்காரலாம், கவுண்டர் தேவைப்பட்டா கவுண்டர், இல்லன்னா டர்ன் கடைசியில எக்ஸார்க். வால்ஸ்ல நம்ம டர்ன்லயே எல்லா மனாவையும் கொட்டி சுவர் கட்டணும். ரெண்டாவது டர்ன்ல ரெண்டு நீலத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா சுவர் எப்ப எழும்பும்? இது அடிப்படையில பச்சை டெக். ரெண்டு நீல நிலம் ரெண்டாவது டர்ன்ல வரணும்னா நிலத்தையே மாத்தி எழுதணும்.

அதை விடப் பெரிய விஷயம் லீடும் வைண்டிங் வேயும். லீட் மேல இருந்து அஞ்சு கார்டு பார்க்கும், அதுல இருக்கிற கிரீச்சரை எல்லாம் கைக்கு எடுக்கலாம். நைட்ஷிஃப்ட் லிஸ்ட்ல கிரீச்சர் 22. அஞ்சு கார்டுல சராசரியா 1.8 தான் கிடைக்கும். கவுண்டரும் போல்ட்டும் எட்டையும் தூக்கிட்டு எட்டு கிரீச்சர் போடு, 30 ஆகும், சராசரி 2.5. மூணு மனாவுக்கு ஒரு கார்டும் முக்காலும் எடுக்கிறதுக்கும் ரெண்டரை எடுக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம், நாலாவது டர்ன்ல கை காலியா இருக்கா நிறைஞ்சிருக்கான்னு தெரியும்.

நீங்க எல்லாரும் காம்போவைப் பார்த்து டெக் கட்டுறீங்க. காம்போ எட்டு கார்டு. மிச்சம் 52 கார்டு என்ன செய்யுதுன்னு பாருங்க.

#4 கொம்தார்_கார்டுக்காரி

சுவர் அண்ணன் சொல்றது சரி. ஆனா அந்த 52-ல டிரிஃப்டைத் தனியா எடுத்துப் பேசணும். இந்த டெக்கோட முதுகெலும்பே அதுதான், யாரும் வாயே திறக்கல.

டிரிஃப்ட் மூணு மனா 0/5 பறக்கும் சுவர். அப்படியே இறக்கலாம். இல்லன்னா டிரான்ஸ்மியூட்: ரெண்டு நீலம் சேர்த்து மூணு மனா கட்டி அதைக் கையில இருந்து தூக்கிப் போட்டா, டெக்ல இருந்து அதே மனா மதிப்புள்ள கார்டு ஒண்ணு எடுக்கலாம். கார்டியன் மூணு. ஃபிரீட் மூணு. இன்வோக்கரும் மூணு. காம்போவோட மூணு துண்டும் ஒரே கார்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல்ல ஆடுறவங்க நாலாவது டர்னுக்குள்ள 10 கார்டு பார்த்திருப்பாங்க, மல்லிகன் (முதல் கையை மாத்தி எடுக்கிறது) இல்லன்னா. 60-ல கார்டியன் 4, ஃபிரீட் 4 மட்டும்னா அந்த 10-ல ரெண்டும் வர்றதுக்கு 26.5 சதவீதம்தான் வாய்ப்பு. நாலு டிரிஃப்டையும் சேர்த்து, ஒரு டிரிஃப்ட் எந்தத் துண்டா வேணும்னாலும் மாறும்னு எடுத்துக்கிட்டா 58 சதவீதத்துக்கு ஏறுது. டிரான்ஸ்மியூட்டுக்கு ஆகிற மனாவை இதுல சேர்க்கல, அதனால நாலாவது டர்ன்ல 58 சதவீதம் ஜெயிக்கலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. இதுல லீடும் வைண்டிங் வேயும் கணக்குல வரல, அது வேற பக்கம் ஏத்தும்.

ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும், டிரான்ஸ்மியூட் சோர்சரி வேகம்தான். எதிராளி டர்ன்ல பண்ண முடியாது.

#5 பழைய_ட்வின்

கணக்கு டீச்சர் வந்துட்டாங்க. சரி, கவுண்டர்ஸ்பெல்லை விட்டுடுறேன். ஆனா பாதுகாப்பே இல்லாம ஃபிரீடைப் போட்டா, பதிலுக்கு ஒரு போல்ட். கார்டியன் செத்துச்சு, ஒட்ட இடமில்லாம ஃபிரீடும் குப்பைக்கு. ரெண்டு கார்டு போச்சு. அதுக்கு என்ன பதில்?

#6 செந்தூல்_சுவர்

இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

முதல்ல எதிராளிக்கு எந்த நேரத்துல சந்துன்னு பாருங்க. ஃபிரீட் ஸ்டேக்ல (போட்ட கார்டு பலன் தரக் காத்திருக்கிற வரிசை, கடைசியா வந்தது முதல்ல தீரும்) நிக்கும்போது மட்டும்தான். அது கார்டியன் மேல போய் ஒட்டிட்டா முன்னுரிமை (முதல்ல செயல்படுற உரிமை) நம்மகிட்ட. உடனே கார்டியனை டேப் பண்ணி ரெண்டு நீலம் எடுக்கிறோம். மனா எடுக்கிறது ஸ்டேக்குக்குப் போகாது, அதை யாரும் தடுக்க முடியாது. ஒரு நீலத்தைக் கட்டி அன்டேப் போடுறோம், இன்னொரு நீலம் கையில மிதக்குது. இப்ப அவன் போல்ட் போடுறான்னு வெச்சுக்குவோம். மிதக்கிற நீலத்தைக் கட்டி அந்தப் போல்ட்டுக்கு மேலயே இன்னொரு அன்டேப். அது முதல்ல தீரும். மறுபடி டேப், ரெண்டு நீலம். போல்ட் கீழ ஸ்டேக்லயே காத்துக்கிட்டு நிக்கும், நாம மேல சுத்திக்கிட்டே இருப்போம். வேணுங்கிற அளவு மனா சேர்ந்ததும் போல்ட்டை விடு, கார்டியன் சாகட்டும். அதே மெயின் ஃபேஸ் முடியுற வரைக்கும் மனா எங்கயும் போகாது. இன்வோக்கரை இறக்கு, அதோட திறமைக்கு டேப்பே வேணாம், வந்த உடனே சுடும்.

அப்ப பாதுகாப்பு வேணுங்கிறது ஃபிரீட் ஸ்டேக்ல நிக்கிற அந்த ஒரு நேரத்துக்குத்தான். அதுக்கு டிஸ்பெல் போதும். ஒரு நீலம், இன்ஸ்டன்ட் (போல்ட் மாதிரி எப்ப வேணும்னாலும் போடுற கார்டு) ஒண்ணைத் தடுக்கும். ஆடுற விதம் இப்படி: ஃபிரீடுக்கு மூணு மனாவையும் நிலத்துல இருந்து கட்டு, கார்டியனைத் தொடாதே. அவன் பதிலுக்கு போல்ட் போட்டா கார்டியனை டேப் பண்ணி ரெண்டு நீலம் எடு. ஒண்ணு டிஸ்பெல்லுக்கு. இன்னொண்ணு மிதக்கட்டும். போல்ட் போச்சு, ஃபிரீட் ஒட்டிச்சு, மிதக்கிற நீலத்தால கார்டியனை அன்டேப் பண்ணு. நாலு நிலம் தேவையே இல்ல, மூணு நிலத்துல பாதுகாப்போட காம்போ.

ஃபிரீடை அவசரப்பட்டு கார்டியன் மனாவுலயே கட்டுறவங்களைத்தான் நிறையப் பார்க்கிறேன். அப்படிக் கட்டிட்டா டிஸ்பெல்லுக்கு நீலம் எங்க இருந்து வரும்?

#7 பாயான்_நைட்ஷிஃப்ட்

அண்ணே, இதைப் பிரிண்ட் எடுத்து டெக் பாக்ஸ்ல வெச்சுக்கப் போறேன்.

அப்ப எதிராளி நிலம் எல்லாம் டேப் ஆகியிருந்தா டிஸ்பெல் இல்லாமலே கிளம்பிடலாம்தானே?

#8 கொம்தார்_கார்டுக்காரி

மோனோ ரெட் ஆடின ஆளா கேட்கிறது? ஃபயர்பிளாஸ்ட் மறந்துபோச்சா? மலை ரெண்டைக் காவு கொடுத்தா மனாவே இல்லாம நாலு டேமேஜ். டேப் ஆன மலையும் காவுக்கு ஆகும்.

கறுப்பு இன்னும் மோசம். சுவாம்ப் ஒண்ணு இருந்தா நாலு உயிர் கட்டி ஸ்னஃப் அவுட். கறுப்பு இல்லாத எந்தக் கிரீச்சரையும் அழிக்கும், 0/5-னு எல்லாம் பார்க்காது. பாப்பர்ல எதிராளி டேப் அவுட்டு, நிலம் எல்லாம் தீர்ந்துச்சுன்னு நிம்மதியா இருக்க முடியுற கலர் வெள்ளையும் பச்சையும்தான். அதையும் நூத்துக்கு நூறுன்னு எழுதிக் கொடுக்க மாட்டேன்.

#9 சட்டப்புத்தகம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். விதிகள் தொடர்பாக இரண்டு செய்திகள்.

ஒன்று. சுழற்சியைக் காட்டியபின் "எல்லையில்லாத மனா" என்று சொல்லிவிட்டு நகரக்கூடாது. எத்தனை முறை சுற்றுகிறீர்கள் என்று ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். "இந்தச் சுழற்சியை ஆயிரம் முறை செய்கிறேன், ஆயிரம் மனா என்னிடம் இருக்கிறது" என்றால் போதும். எதிராளி அதில் எந்த இடத்தில் குறுக்கிட விரும்புகிறார் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நிறங்களையும் சொல்லிவிடுங்கள். ஆயிரமும் நீலம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு அப்புறம் இன்வோக்கரை இறக்கச் சிவப்புத் தேடக்கூடாது.

இரண்டு. மேஜிக் ஆன்லைனில் இந்தக் குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு சுற்றையும் சுட்டியால் அழுத்தியே ஆகவேண்டும். ஒரு மேட்சுக்கு ஒருவருக்கு 25 நிமிடக் கடிகாரம். எதிராளியின் 20 உயிரை எடுக்க இன்வோக்கர் 7 முறை சுட வேண்டும், அதாவது 56 மனா. இரண்டு சுவர் மட்டும் நின்றால் ஒரு சுற்றுக்கு ஒரு மனாதான் மிஞ்சும். ஐந்து சுவர் நின்றால் நான்கு மிஞ்சும். ஆகவே ஆன்லைனில் ஆடுபவர்கள் சுவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புவது விரலுக்கு நல்லது.

#10 பழைய_ட்வின்

விரலுக்கு நல்லது 😂

சரி, டிஸ்பெல் மெயின் டெக்லயா சைட்போர்ட்லயா (கேமுக்கு நடுவுல மாத்திக்கிற கூடுதல் கார்டு)?

#11 செந்தூல்_சுவர்

சைட்போர்ட், மூணு. மெயின்ல கிரீச்சர் இல்லாத ஒவ்வொரு கார்டும் லீடை மெலிய வைக்கும்னு மேலயே சொன்னேன். முதல் கேம்ல நிறைய பேருக்கு நாம என்ன ஆடுறோம்னே தெரியாது. கேர்டேக்கரையும் ரூட்ஸையும் பார்த்து ஏதோ பச்சை டெக்னு போல்ட்டை கேர்டேக்கர் மேலயும் மூஞ்சியிலயும் செலவழிப்பாங்க. ரெண்டாவது கேம்ல இருந்துதான் ஃபிரீடுக்குன்னு ஒண்ணு எடுத்து வைப்பாங்க.

சிவப்புக்கு எதிரா டிஸ்பெல்லே வேணாம், ஹைட்ரோபிளாஸ்ட் போடு. ஒரு நீலம், சிவப்பு ஸ்பெல்லைத் தடுக்கும் இல்லன்னா சிவப்புப் பெர்மனன்டை (மேசையில நிக்கிற கார்டை) அழிக்கும். ரெண்டு வேலை. கூட வெதர் த ஸ்டார்ம், அவன் ஒரே டர்ன்ல நாலஞ்சு ஸ்பெல் கொட்டினா பதிலுக்குப் போடு, உயிர் எகிறும்.

#12 பாயான்_நைட்ஷிஃப்ட்

சரி, கவுண்டர் 4 போல்ட் 4 தூக்கியாச்சு. அந்த எட்டு இடத்துல என்ன போடலாம்? ஃபிரீடை மூணாக் குறைக்கவா? டிரிஃப்ட் தான் தேடி எடுக்குதே.

#13 கொம்தார்_கார்டுக்காரி

ஃபிரீடைத் தொடாதே. லீடுல எடுக்காத கார்டு டெக் அடிக்குப் போகும், பரவாயில்ல. வைண்டிங் வே அப்படி இல்ல. நாலு கார்டைத் திறந்து காட்டும், கிரீச்சர்னு சொன்னா கிரீச்சர் கைக்கு வரும், மிச்சம் எல்லாம் கல்லறைக்கு (கழிச்ச கார்டு குவியல்). அந்த மிச்சத்துல ஃபிரீட் இருந்தா போயே போச்சு. ரெண்டு வைண்டிங் வே போட்டா எட்டு கார்டு புரளும். மூணு ஃபிரீட் வெச்சுக்கிட்டு ஆடினா, கடைசியில டிரிஃப்டைத் தூக்கிப் போட்டுத் தேடும்போது டெக்ல ஃபிரீடே இருக்காது.

எட்டு இடத்துக்கு: கேட்கிரீப்பர் வைன் 4. ரெண்டு மனா டிஃபெண்டர், வரும்போதே பேசிக் நிலம் ஒண்ணு எடுத்துத் தரும். ஐலண்டைத் தேடி எடுக்கலாம், நீலம் வர்ற கவலை பாதி தீரும். இன்னொரு நாலு குயிரியன் ரேஞ்சர்.

#14 பழைய_ட்வின்

ரேஞ்சர் டிஃபெண்டர் இல்லையே. எதுக்கு?

#15 செந்தூல்_சுவர்

ரேஞ்சர் இருக்கிறதாலதான் இந்த டெக் ஃபிரீட் இல்லாமலும் ஜெயிக்குது. இதைச் சொல்லாம விட்டா மேல சொன்னதெல்லாம் பாதிதான்.

மேசையில அஞ்சு டிஃபெண்டர் நிக்குது, அதுல ஒரு கார்டியன், ஒரு பேட்டில்மென்ட். கார்டியன் அஞ்சு, பேட்டில்மென்ட் அஞ்சு, பத்து மனா ஆச்சு. ரேஞ்சர், காடு ஒண்ணைக் கைக்கு எடுத்து ஒரு கிரீச்சரை அன்டேப் பண்ணும், டர்னுக்கு ஒரு தடவ. கைக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி அந்தக் காட்டை டேப் பண்ணி மனாவை எடுத்துடு. பேட்டில்மென்ட் மறுபடி அஞ்சு. இப்ப பதினாறு. இன்வோக்கர் ரெண்டு தடவ சுடும், ஆறு டேமேஜ். அந்த டர்ன்ல நிலம் இன்னும் வைக்கலன்னா கைக்கு வந்த காட்டையே திரும்ப வை. அடுத்த டர்ன்ல மறுபடி ஆறு.

இதுல ஃபிரீட் எங்கயும் வரலை பாருங்க. எதிராளி ஃபிரீடுக்குன்னு கவுண்டரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான், நாம ஆறு ஆறா எடுத்துக்கிட்டு இருப்போம். அவன் பொறுமை இழந்து மனாவைச் செலவழிச்ச டர்ன்ல ஃபிரீட் இறங்கும்.

காம்போ டெக்ல சீக்கிரம் கிளம்புறதுதான் திறமைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வால்ஸ்ல அது பொருந்தாது. நாலாவது டர்ன்ல கையில ரெண்டு துண்டும் இருந்தாலும், எதிர்ல ஸ்னஃப் அவுட் இருக்கும்னு தோணினா அஞ்சாவது டர்ன் வரைக்கும் சுவர் கட்டு. சுவரை உடைச்சுக்கிட்டு உள்ள வர அவனுக்குத்தான் கஷ்டம். அவசரம் அவனுக்கு, நமக்கில்ல.

#16 பழைய_ட்வின்

அஃபினிட்டி மாதிரி பெரிய ஆளுங்களை இறக்குற டெக்குக்கு முன்னாடி இந்தப் பொறுமை வேலைக்கு ஆகாது, அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். 0/4 சுவர் எத்தன டர்ன் தாங்கும்? அங்க எல்லாம் நாலாவது டர்ன்ல கிளம்பியே ஆகணும், செத்தா செத்தோம்.

#17 செந்தூல்_சுவர்

அஃபினிட்டிக்கு எதிரா நீங்க சொல்றது சரிதான்ணே. சிவப்பு போல்ட்டும் வெச்சிருப்பான், பெரிய கிரீச்சரும் வெச்சிருப்பான். அங்க நான் சைட்போர்ட்ல இருந்து மொமண்ட்ஸ் பீஸ் கொண்டு வருவேன். ஒரு தடவ கையில இருந்து, ஒரு தடவ கல்லறையில இருந்து, ரெண்டு டர்னுக்கு அடியே விழாது. வைண்டிங் வே அதைக் கல்லறைக்குத் தள்ளினாலும் நட்டமில்ல.

#18 மாமாக்_மல்லிகன்

புதுசு. ஒரு சந்தேகம். இந்த டெக்கைத் தடை பண்ணிடுவாங்களா? பாப்பர்ல பாஸ்கிங் புரூட்ஸ்கேல் காம்போவுக்கு 2025 மார்ச்ல தடை வந்தது பார்த்துப் பயமா இருக்கு.

அப்புறம், கார்டு வந்து சேர்ற வரைக்கும் பேப்பர்ல பிரிண்ட் பண்ணி ஆடலாமா?

#19 சட்டப்புத்தகம்

வீட்டிலும் மாமாக் கடையிலும் தாராளமாக. கடையில் நடக்கும் அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் கூடாது, அசல் அட்டை மட்டும்தான்.

#20 கொம்தார்_கார்டுக்காரி

தடை பத்தி: புரூட்ஸ்கேல் ரெண்டு மனா கிரீச்சர். சடிஸ்டிக் க்ளீ ஒட்டினா மூணாவது டர்ன்லயே ஆட்டம் முடியும், கூட ஒரு சுவரும் கட்ட வேணாம். வால்ஸ் அந்த வேகத்துக்குப் பக்கத்துலயே வராது. தவிர, பாப்பர்ல கட்டின டெக் தடையானாலும் நிலமும் லீடும் வேற பச்சை டெக்குக்கு ஆகும். எல்ஃப்ஸ் கட்டலாம், ரேஞ்சர் அங்கயும் ஆடும். கட்டு கட்டு, யோசிக்காதே.

#21 பாயான்_நைட்ஷிஃப்ட்

எல்லாருக்கும் நன்றி. மாத்தின லிஸ்ட்: கார்டியன் 4, பேட்டில்மென்ட் 4, கேர்டேக்கர் 4, டிரிஃப்ட் 4, ரூட்ஸ் 4, வைன் 4, ரேஞ்சர் 4, இன்வோக்கர் 2, ஃபிரீட் 4, லீட் 4, வைண்டிங் வே 4, நிலம் 18. சைட்போர்ட்: டிஸ்பெல் 3, ஹைட்ரோபிளாஸ்ட் 4, வெதர் த ஸ்டார்ம் 3, மொமண்ட்ஸ் பீஸ் 2, மிச்சம் மூணு இன்னும் யோசிக்கிறேன்.

நேத்து ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தனியா உட்கார்ந்து கை எடுத்துப் பார்த்தேன். கேர்டேக்கரை ஒத்தையா முதல் டர்ன்ல இறக்கினா ரெண்டாவது டர்ன்ல இன்னொரு கிரீச்சர் வர்ற வரைக்கும் மனாவே தராது, அதை டேப் பண்ண இன்னொண்ணு வேணும்ல. ஆனா அந்த இன்னொண்ணு அப்பதான் இறங்கினதா இருந்தாலும் பரவாயில்லன்னு பார்த்தேன். ரெண்டு நிலத்துக்கு ரூட்ஸ், ரூட்ஸே ஒரு பச்சை தருது, அதே ரூட்ஸை கேர்டேக்கர் டேப் பண்ணி இன்னொரு மனா, உடனே பேட்டில்மென்ட். ரெண்டாவது டர்ன்ல மூணு சுவர்! இது சட்டப்படி சரிதானே?

வைன் நாலு இருக்கிறதால நிலத்தை 17 ஆக்கிட்டு இன்னொரு இன்வோக்கர் போடலாம்னு ஒரு யோசனை. டிரிஃப்ட் ரெண்டு மட்டும் இன்னும் கிடைக்கல.

#22 சட்டப்புத்தகம்

சரிதான். சம்மனிங் சிக்னஸ் (இந்த டர்னில் வந்த கிரீச்சருக்கு உள்ள தடை) தடுப்பது அது தாக்குவதையும் அதன் சொந்த டேப் குறியையும் மட்டுமே. கேர்டேக்கருக்காக மற்றொன்றை டேப் செய்வதற்கு அது பொருந்தாது. கேர்டேக்கர் மட்டும் முந்தைய டர்னிலிருந்தே நின்றிருக்க வேண்டும்.

#23 செந்தூல்_சுவர்

டிரிஃப்ட் என்கிட்ட ரெண்டு கூடுதலா இருக்கு. தீபாவளிக்கு பட்டர்வொர்த் வருவேன், ரயில் ஏறும்போது மெசேஜ் போடுறேன், ஸ்டேஷன்லயே வாங்கிக்கோ.

நிலம் 18. ரேஞ்சர் காட்டைக் கைக்கு எடுத்துக்கிட்டே இருக்கும், வைன் தேடறதுக்கும் டெக்ல பேசிக் இருக்கணும். 17-னா முதல் ஏழு கார்டுல ஒத்த நிலத்தோட உட்கார்ந்திருப்ப.

#24 பழைய_ட்வின்

17 போதும்.

#25 செந்தூல்_சுவர்

அண்ணே, 18.